முப்பத்திநாலு கேள்வி

2022இல் ஒரு புதன்கிழமை. மதுரையில் ஒரு மருத்துவமனையின் மூட்டுநோய்ப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திண்டுக்கல்லில் காலை ஐந்தரை மணிக்கு பஸ் ஏறி வந்து வாங்கிய டோக்கன் 61. உள்ளே 27 போய்க்கொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் கையில் தாள்களோடு வந்தாள். மேற்படிப்பு மாணவி.

"அக்கா, எஸ்.எல்.இ. பேஷன்ட்தானே நீங்க? எங்க ஆராய்ச்சிக்கு ஒரு ஃபார்ம் இருக்கு. பத்து நிமிஷந்தான்."

"கேளும்மா. எனக்கு மத்தியானம் வரைக்கும் வேலை இல்ல" என்றேன். உண்மையில் அப்படிச் சொல்வதற்கே ஆசையாக இருந்தது.

லூபஸ் நோயோடு வாழ்பவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்காக இங்கிலாந்தில் தயாரித்து, 2007இல் வெளியிட்ட கேள்வித்தாள் அது. மொத்தம் 34 கேள்விகள், எட்டுத் தலைப்புகள். உடல்நலம், வலி, திட்டமிடுதல், அந்தரங்க உறவு, பிறருக்குப் பாரமாக இருப்பது, மனநலம், உடல் தோற்றம், களைப்பு. கடந்த நான்கு வாரங்களில் எப்போதுமா, பெரும்பாலுமா, அடிக்கடியா, எப்போதாவதா, ஒருபோதும் இல்லையா என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத் தாளைப் பார்த்து அவள் தமிழில் சொல்லிச் சொல்லிக் கேட்டாள்.

நோய் இன்னதென்று தெரிந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அதுவரை என்னிடம் கேட்கப்பட்டதெல்லாம் கால் வீங்குதா, சிறுநீர் நுரைக்குதா, மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா என்பதுதான். என் வாழ்க்கை என்பது சிறுநீரில் எவ்வளவு புரதம் போகிறது, கிரியாட்டினின் எவ்வளவு, சி3 எவ்வளவு, சி4 எவ்வளவு. அந்த எண்கள் சரியாக இருந்தால் "நல்லா இருக்கீங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்பார்கள். அப்படி நான் "நல்லா" இருந்த நாட்களில் காலையில் ஜாக்கெட் கொக்கியைப் போட விரல் மடங்காது. பத்தாவது படிக்கும் என் மகள்தான் போட்டுவிடுவாள்.

முதல் கேள்வியிலேயே எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கனமான வேலைகளுக்குப் பிறர் உதவி தேவைப்படுகிறதா, அதாவது தோட்டத்தில் மண் கொத்துவது, வீட்டுக்கு பெயின்ட் அடிப்பது மாதிரி. எங்கள் வீட்டில் தோட்டம் என்பது ஒரு கறிவேப்பிலைச் செடி. "குடம் தூக்குறதைச் சேத்துக்கலாமா?" என்று கேட்டேன். சேர்த்துக்கொண்டாள். அடுத்து நடுத்தரமான வேலைகள். பிறகு இலேசான வேலைகள். சமையல் அதில்தான் வந்தது.

"சமையல் லேசான வேலையா?"

"இதுல அப்படித்தாங்க்கா போட்டிருக்கு."

ஆறு பேருக்கு மூன்று வேளை. மாமனாருக்குச் சர்க்கரை, அவருக்குத் தனி. மில் சூப்பர்வைசரான கணவருக்கு ஷிப்ட்டுக்குத் தக்கபடி ஒரு வாரம் காலை ஐந்து மணிக்கு டிபன் கேரியர், ஒரு வாரம் இரவு பத்து மணிக்குச் சாப்பாடு. கொழுந்தனுக்குக் குழம்பில் புளி கூடக் கூடாது. இது இலேசான வேலை. உதவி தேவைப்படுகிறதா? எப்போதும் தேவைப்படுகிறது. அவள் டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

"கிடைக்குதான்னு கேக்க மாட்டியாம்மா?"

தாளைப் புரட்டிப் பார்த்தாள். "அந்தக் கேள்வி இதுல இல்லக்கா."

*

இந்த நோயைத் தெரியாதவர்களுக்கு: உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, உடம்பையே எதிரி என்று நினைத்து அடிக்கும். தோல், மூட்டு, ரத்தம், சிறுநீரகம், இதயம், மூளை என்று எங்கே வேண்டுமானாலும் அடிக்கும். சில மாதம் அடங்கிக் கிடக்கும், பிறகு கிளம்பும். முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை, அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். லூபஸுக்கு என்று அமெரிக்காவில் 1955இல் மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். அடுத்த புது மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2011இல். இடையில் 56 வருடம். ஆண்களுக்கு அதிகம் வரும் நோயாக இருந்தால் இவ்வளவு பொறுமையாக இருந்திருப்பார்களா என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எனக்கு முதலில் வந்தது மூட்டு வலி, 2009இல். அப்போது தமிழ்நாட்டில் யாருக்கு மூட்டு வலித்தாலும் சிக்குன்குனியா. எனக்கும் அதுதான் என்றார்கள். வாய்க்குள் புண் வந்தது. வயிற்றுப் புண் இருந்தால் வாயில் தெரியும் என்று அத்தை மணத்தக்காளிக் கீரை சமைக்கச் சொன்னார், சமைத்தேன். முடி கொட்டியது, பொடுகு. மகளுக்குப் பிறகு இரண்டு கர்ப்பம் கலைந்தது, ஒன்று மூன்று மாதத்தில், ஒன்று ஐந்து மாதத்தில். அதற்கு நான் பள்ளிக்கு பஸ்ஸில் போய் வந்தது காரணம். கன்னத்தில் கருப்பாக ஏறியது, மங்கு என்றார்கள். ஜாதிக்காயை உரசித் தடவினேன்.

லூபஸின் பெயர்பெற்ற அடையாளம் மூக்கிலிருந்து இரண்டு கன்னத்திலும் வண்ணத்துப்பூச்சி மாதிரி விரியும் சிவப்புத் தடிப்பு. மருத்துவப் புத்தகங்களில் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தில் அது ரோஜா நிறத்தில் இருக்கும். என் நிறத்தில் அது சிவப்பாகத் தெரியாது. கருப்பின் மேல் இன்னொரு கருப்பு, அவ்வளவுதான். நான்கு வருடத்தில் ஐந்து டாக்டர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். 2013இல் கால் வீங்கி, சிறுநீர் சோப்பு நுரை மாதிரி போக ஆரம்பித்த பிறகுதான் ஒருவர் சரியான ரத்தப் பரிசோதனை எழுதினார். அதற்குள் சிறுநீரகத்தில் ஏறியிருந்தது. பயாப்ஸிக்கும் ஊசிகளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்றால், என் அப்பா வீட்டிலிருந்து. "நோயை மறைச்சுக் கட்டி வச்சிட்டாங்க" என்று இந்த வீட்டில் பேச்சு வந்ததால் அவர்களே முன்வந்து கொடுத்தார்கள். கல்யாணத்தின்போது எனக்கு 22 வயது, காய்ச்சலுக்குக்கூட ஆஸ்பத்திரி போனதில்லை.

*

நான் கணக்கு டீச்சர். தனியார் பள்ளி. அங்கே தினமும் காலை ஒன்பதுக்கு மைதானத்தில் பிரேயர். இருபது நிமிடம், சில நாள் அரைமணி நேரம். லூபஸ்காரர்கள் பலருக்கு வெயில் ஆகாது. வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிர் தோலை மட்டுமல்ல, உள்ளே அடங்கிக் கிடக்கும் நோயையும் கிளப்பிவிடும். டாக்டர் சீட்டைக் காட்டி, வராந்தாவிலேயே நிற்கிறேன் என்று கேட்டேன். "எல்லா டீச்சரும் கேப்பாங்களே" என்றார் தலைமை ஆசிரியை. பிறகு அனுமதித்தார், ஆனால் மாணவர்கள் முன்னால் தனியாக நிற்பது தண்டனை மாதிரி இருந்தது.

பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிக்குக் குடை பிடித்துப் போவேன். நீளக் கை ஜாக்கெட். ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் ஒருவர் கேட்டார், "என்ன டீச்சர், கருத்துருவோம்னு பயமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிவப்பான பெண் குடை பிடித்தால் நிறத்தைக் காப்பாற்றுகிறாள். கருப்பான பெண் குடை பிடித்தால் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று ஊருக்கே சிரிப்பு. சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எத்தனை பேரிடம் சொல்வது?

நோய் வெளியே தெரியாததுதான் பெரிய தொல்லை. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. ஹீமோஃபிலியா, தலசீமியா, பார்கின்சன் எல்லாம் உண்டு, லூபஸ் இல்லை. அதனால் கையில் காட்ட ஒரு அட்டைகூடக் கிடையாது. பஸ்ஸில் இடம் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

ஸ்டீராய்டு எடுத்த காலத்தில் இன்னும் வேடிக்கை. மருந்தால் முகம் உப்பி வட்டமாகிவிடும், நிலா முகம் என்றே டாக்டர்கள் சொல்வார்கள். சாகக் கிடந்த அந்த மாதங்களில் ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பார்த்த உறவுக்காரர்கள், "நல்லா பூரிச்சிருக்கியே, உடம்பு தேறிருச்சு" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள்.

*

அந்தரங்க உறவு பற்றி இரண்டு கேள்விகள். அந்தப் பெண் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுக்கு 'பொருந்தாது'ன்னு போடலாம். போட்டுறவா?"

"ஏம்மா, எனக்குக் கல்யாணம் ஆகலையா?"

"இல்லக்கா... நிறைய பேர் அப்படித்தான் போடச் சொல்றாங்க."

பக்கத்தில் 22 வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தேனிப் பக்கம். கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவில்லை. மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருப்பதாகச் சற்று முன்னால்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். அவளும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்காகவாவது பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சொன்னேன். இடுப்பு வலித்தால் முடியாது. முடி கொட்டிய தலையை, வயிற்றில் சிவப்பு வரி விழுந்த உடம்பை எனக்கே பார்க்கப் பிடிக்காத காலம் இருந்தது. அந்தக் காலத்தில் அவர் ஹாலில் படுக்கப் போனார், எனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று. ஹாலிலிருந்து திரும்பி வர மூன்று வருடம் ஆனது. எனக்கு அதில் நிம்மதியும் இருந்தது, அவமானமும் இருந்தது. இரண்டையும் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

கேள்வித்தாளில் இல்லாத ஒன்றையும் சொன்னேன். ஆறு மாதம் ஊசி முடிந்து மைக்கோஃபினோலேட் மாத்திரை ஆரம்பித்தபோது டாக்டர் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "இந்த மருந்து சாப்பிடுறப்போ கர்ப்பம் ஆகவே கூடாது, குழந்தைக்குக் காது, முகமெல்லாம் பாதிக்கும், பாத்துக்கங்க." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ரத்தம் உறையும் தன்மை எனக்கு இருந்ததால் வழக்கமான கருத்தடை மாத்திரை கூடாது. அப்படியானால் ஆபரேஷன். ஆண்களுக்கான ஆபரேஷன் சின்னது, கத்திகூடப் பெரிதாகப் படாது, அன்றே வீட்டுக்கு வரலாம் என்று ஒரு நர்ஸ் அக்கா எனக்குச் சொன்னார். நான் அவரிடம் கேட்டேன். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மில்லில் லீவு கிடைக்காது என்றார். அத்தைதான் பேசினார், "வேலைக்குப் போற ஆம்பளையைப் போய் அறுத்துக்கச் சொல்றதா?"

நானும் வேலைக்குப் போகிற பொம்பளைதான். சிறுநீரகத்தில் நோயும் உடம்பில் ஸ்டீராய்டுமாக இருந்த நானே போய்ப் படுத்தேன். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குப் புண் சீக்கிரம் ஆறாது. விரல் நீளமில்லாத தையல் ஆற ஏழு வாரம் ஆனது.

மாணவி எழுதுவதை நிறுத்தியிருந்தாள். தேனிப் பெண், "அக்கா, காண்டம் இருக்குல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். இருக்கிறது. அதற்கும் அவர்தான் கடைக்குப் போக வேண்டும்.

*

கிறிஸ்டின் மிசரண்டினோ என்ற அமெரிக்கப் பெண் இதே நோய்க்காரர். நோயோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று தோழி கேட்டபோது, உணவகத்தில் இருந்த கரண்டிகளை எல்லாம் பொறுக்கி அவள் கையில் கொடுத்து விளக்கினாராம். இதுதான் உன் இன்றைய சக்தி. குளித்தால் ஒன்று போச்சு, உடுத்தினால் ஒன்று போச்சு, மிச்சம் இருப்பதை வைத்து இரவு வரை ஓட்டு. 2003இல் அவர் இதை எழுதினார். உலகம் முழுக்க நோயாளிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கும் பிடிக்கும். ஆனால் எனக்குக் கரண்டி சரிப்படாது, குடம்தான். எங்கள் தெருவில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வந்த வருடங்களில் இந்தக் கணக்கில் நாங்கள் எல்லோரும் கெட்டிக்காரிகள். இன்றைக்கு ஏழு குடம், எதற்கு எத்தனை. கரண்டிக் கதையில் கரண்டிகள் அந்தப் பெண்ணின் கையில் இருக்கின்றன. எதற்குச் செலவழிப்பது என்று அவள் தீர்மானிக்கிறாள். எங்கள் வீட்டில் குடம் சமையலறையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் மொண்டுகொண்டு போகலாம். நான் குளிக்கப் போகும்போது அடியில் கொஞ்சம் கிடக்கும்.

"நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று டாக்டர்கள் எல்லோரும் சொன்னார்கள். மற்ற மருந்தை எழுதிக் கொடுத்தால் கடையில் கிடைக்கும். இதை எந்தக் கடையில் வாங்குவது? நான் உட்கார வேண்டும் என்றால் வேறு யாராவது எழுந்திருக்க வேண்டும். அதை யாரும் சீட்டில் எழுதவில்லை.

2020இல் கடையில் கிடைக்கிற மருந்தும் கிடைக்காமல் போயிற்று. நான் தினமும் போடுவது ஹைட்ராக்சிகுளோரோகுயின். அது கொரோனாவுக்கு மருந்து என்று டிரம்ப் பேச, அவசியம் இல்லாதவர்களும் வாங்கிப் பதுக்கினார்கள். மார்ச் கடைசியில் அரசு அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, அதற்குள் எங்கள் பக்கத்துக் கடைகள் காலி. என் கணவர் ஊரடங்கில் போலீஸிடம் சீட்டைக் காட்டிக் காட்டி நத்தம் வரை போய் இரண்டு அட்டை வாங்கி வந்தார். அதை நான் மறக்க மாட்டேன். அதே மாதங்களில் ஆறு பேரும் வீட்டிலேயே இருந்தார்கள், நான்கு மணிக்கு வடையும் கேட்டார்கள். அதையும் மறக்க மாட்டேன். ஜூனில் கால் மறுபடி வீங்கியது. மாத்திரையைப் பாதியாக்கிப் போட்டதாலா, வேறு எதனாலா என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

*

பிறருக்குப் பாரம் என்ற தலைப்பில் மூன்று கேள்விகள். "உங்களால வீட்ல இருக்கறவங்களுக்குப் பாரம்னு தோணுதாக்கா?"

'எப்போதும்' என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஒன்பது வருடமாக அதுதான் எனக்குப் பதில். ராத்திரி தூக்கம் வராமல் நான் புரண்டதெல்லாம் இதற்காகத்தான். அப்பாவின் பணம், மகளின் படிப்பு. இந்த நோய் உள்ள அம்மாக்களின் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வருவதில்லை என்று டாக்டர் சொல்லியும், மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் "பரம்பரையா?" என்று கேட்பார்களே என்ற பயம்.

கணக்கு டீச்சர் புத்தி. நான்கு வாரம் என்றால் 28 நாள். நாளைக்கு மூன்று வேளை, 84. அதில் கடையில் வாங்கியது ஐந்து வேளை. மிச்சம் 79 வேளை ஆறு பேருக்கு நான் சமைத்திருக்கிறேன். பள்ளிச் சம்பளம் வீட்டுக் கடனுக்குப் போயிருக்கிறது. விரல் நீலமாகிப் போகும் குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் கழுவியிருக்கிறேன். இதில் யார் யாருக்குப் பாரம்?

"ஒருபோதும் இல்ல" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவாக்கா? இதுவரைக்கும் இந்தக் கேள்விக்கு யாரும் அப்படிச் சொல்லல."

"போடும்மா."

பொய் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவளுடைய ஆராய்ச்சியில் என் தாள் ஒரு தப்பான கணக்காக நிற்கலாம்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடிந்ததும், 84 கணக்கை எல்லோர் முன்னாலும் சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை, போர்டில் எழுதுகிற மாதிரி சொன்னேன். கொழுந்தன் எழுந்து போய்விட்டார். மாமனார் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். கணவர் தலை குனிந்து மிக்ஸரில் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மகள்தான், "அப்பா, ஆறால வகுத்தா ஆளுக்கு 14 வேளை வருது" என்றாள்.

யாருக்கும் 14 வரவில்லை. காலைக் காபி கணவர் போடுகிறார், அத்தை அதைக் குடிக்க ஒரு மாதம் ஆனது. காலை ஷிப்ட் வாரத்தில் அவர் மில் கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்கிறார். கொழுந்தன் தட்டைக் கழுவி வைக்கிறார், தன்னுடையதை மட்டும். நோய் அதனால் ஒன்றும் போய்விடவில்லை, போன மழைக்காலத்திலும் ஒருமுறை கிளம்பி அடங்கியது. ஆனால் இப்போது நான் ஆறு மணிக்கு எழுந்திருக்கிறேன். விரல்கள் மடங்கும் வரை படுக்கையிலேயே வைத்திருந்து பிறகு எழுந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் அவர் பொறுப்பு. அளவு சொல்லிக் கொடுத்தாயிற்று, ஆனாலும் உளுந்தைக் குறைத்துப் போடுகிறார், தண்ணீர் கூடிவிடுகிறது. இந்த வாரமும் தோசை கல்லிலேயே ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்துதான் வந்தது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டே மூன்று சாப்பிட்டார்.